ரசிகர் வாக்கும் பந்தய முடிவும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்சாரக் கார்ப் பந்தயமான ஃபார்முலா ஈ, தன் முதல் எட்டுப் பருவங்களில் ரசிகர்களின் வாக்கைக் காரின் வேகத்தோடு இணைத்து வைத்திருந்தது. ஃபேன்பூஸ்ட் எனப்பட்ட அந்த ஏற்பாடு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஃபேன்பூஸ்ட் என்றால் என்ன? அது எப்படி நடந்தது? (திருச்சி வாசகர்)

2014 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த முதல் பந்தயத்திலேயே இது அறிமுகமாயிற்று. பந்தயத்துக்கு முன் இணையத்தில் ரசிகர்கள் தமக்குப் பிடித்த ஓட்டுநருக்கு வாக்களிப்பார்கள். அதிக வாக்குப் பெற்ற மூன்று பேர், பந்தயத்தின் நடுவே 5 விநாடி நேரம் காரின் திறனை 150 கிலோவாட்டிலிருந்து 180 கிலோவாட்டாக உயர்த்திக்கொள்ளலாம். அக்காலத்தில் ஒரு பேட்டரி முழுப் பந்தயத்துக்கும் போதாது என்பதால் ஒவ்வொருவரும் பாதியில் இறங்கி இன்னொரு காரில் ஏறினார்கள். ஆகவே ஒரு காருக்கு ஒரு முறை என்று இந்தச் சலுகை கிடைத்தது. முதல் பந்தயத்தில் அதைப் பெற்றவர்கள் புரூனோ சென்னா, கேத்தரின் லெக், லூகாஸ் டி கிராசி ஆகிய மூவர். பிந்தைய பருவங்களில் விதிகள் மாறின. பந்தயம் தொடங்கிச் சில நிமிடங்கள் வரை வாக்களிக்கலாம் என்றானது. 2018-19 பருவம் முதல் சலுகை பெறுபவர்கள் ஐந்து பேரானார்கள்.

வெறும் 5 விநாடியில் என்ன ஆகிவிடப் போகிறது? இதற்கு ஏன் இவ்வளவு சர்ச்சை? (சேலம், பொறியியல் மாணவி)

பொறியியல் மாணவி என்பதால் கணக்காகவே சொல்கிறேன். கூடுதலாகக் கிடைத்தது 30 கிலோவாட்; 5 விநாடிக்கு அது 150 கிலோஜூல். அன்றைய பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய ஆற்றல் 28 கிலோவாட்-மணி, அதாவது ஒரு லட்சம் கிலோஜூலுக்குச் சற்று அதிகம். ஆக, இந்தச் சலுகை ஒரு பேட்டரியின் அறுநூறில் ஒரு பங்குகூட இல்லை. ஓட்டுநரோடு சேர்த்து ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள அந்தக் கார் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொண்டு, காற்றின் தடையையும் மற்ற இழப்புகளையும் முற்றிலும் ஒதுக்கிவிட்டால், இந்த 150 கிலோஜூல் அதன் வேகத்தை மணிக்கு 14 கிலோமீட்டர் வரை உயர்த்தும். அந்த 5 விநாடியில் கிடைக்கும் கூடுதல் தூரம் சுமார் 10 மீட்டர். இழப்புகளைச் சேர்த்துக்கொண்டால் அதுவும் குறையும்.

பத்து மீட்டர் என்பது இரண்டு கார் நீளம். அகன்ற நிரந்தரத் தடத்தில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஃபார்முலா ஈ பந்தயங்கள் பெரும்பாலும் நகரத் தெருக்களில், இருபுறமும் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே நடப்பவை. ஒரு சுற்றில் முந்துவதற்கு ஏற்ற இடங்கள் ஒன்றிரண்டுதான் இருக்கும். அத்தகைய இடத்தில், முன்னால் செல்பவர் பிரேக் பிடிக்கும் தருணத்தில் அவருடைய உள்பக்கத்தில் காரின் மூக்கை நுழைக்க இரண்டு கார் நீளம் தாராளமாகப் போதும். அதைவிட முக்கியமானது, முன்னால் செல்பவரிடம் இதற்கு மாற்று எதுவும் கிடையாது என்பது. எதிராளி எப்போது கூடுதல் திறனைப் பயன்படுத்துவார் என்று ஊகிக்கலாமே தவிர, தடுக்க முடியாது.

இதனால் எந்தப் பந்தயத்தின் முடிவாவது மாறியதா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பெய்ஜிங் பந்தயத்தை வென்ற டி கிராசி வாக்குப் பெற்ற மூவரில் ஒருவர் என்பதைச் சுட்டிக்காட்டிப் பலர் வாதிடுகிறார்கள். ஆனால் அவர் வென்றதற்குக் காரணம் வேறு. கடைசிச் சுற்றின் கடைசித் திருப்பத்தில், முதலிடத்தில் இருந்த நிக்கோலா புரோஸ்டும் அவரை முந்த முயன்ற நிக் ஹைட்ஃபெல்டும் மோதிக்கொண்டார்கள். ஹைட்ஃபெல்டின் கார் காற்றில் பறந்து தடுப்பில் விழுந்தது. பின்னால் வந்த டி கிராசிக்கு வெற்றி கிட்டியது. இதில் வாக்குக்கு எந்தப் பங்கும் இல்லை.

எனினும், முதல் பருவத்தின் பட்டத்தை நெல்சன் பிக்கே ஜூனியர் வென்றது செபாஸ்டியன் புயெமியைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அவ்வளவு நெருக்கமான பருவத்தில், எங்கோ ஒரு பந்தயத்தில் ஓர் இடம் முன்னேறியதோ பின்தங்கியதோ பட்டத்தையே தீர்மானிக்கும். வாக்குதான் தீர்மானித்தது என்று எவராலும் நிறுவ முடியாது. தீர்மானிக்கவில்லை என்றும் நிறுவ முடியாது. ஒரு சாம்பியன் பட்டத்தின் மீது இப்படியொரு ஐயம் படிவதற்கு விதிப்புத்தகமே இடம் கொடுத்ததுதான் என் முதன்மையான ஆட்சேபம்.

அட்டாக் மோடும் கூடுதல் திறன்தானே? அதை மட்டும் ஏன் ஏற்றுக்கொள்கிறீர்கள்? (புதுச்சேரி வாசகர்)

நல்ல கேள்வி. 2018-19 பருவத்தில் வந்த அட்டாக் மோடில், ஓட்டுநர் வழக்கமான பாதையை விட்டு விலகி, திருப்பத்தின் வெளிப்புறத்தில் குறிக்கப்பட்ட பகுதியின் வழியே செல்ல வேண்டும். அப்படிச் செல்லும்போது அவர் நேரத்தை இழக்கிறார். சில வேளைகளில் இடத்தையும் இழக்கிறார். அதற்கு ஈடாகத்தான் அவருக்குக் கூடுதல் திறன் கிடைக்கிறது. எப்போது இழப்பது, எப்போது மீட்பது என்பது அவருடைய அணியின் தீர்மானம். அந்த வாய்ப்பு களத்தில் உள்ள அனைவருக்கும் சமமாக உண்டு. ஃபேன்பூஸ்டுக்கோ ஓட்டுநர் தடத்தில் எந்த விலையும் கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் சமூக வலைத்தளத்தில் கெஞ்சிய நேரம் மட்டுமே.

அப்படியானால் அதிக ரசிகர்கள் உள்ளவருக்கே எப்போதும் கிடைத்திருக்கும் அல்லவா? (கோலாலம்பூர் வாசகர்)

அப்படியும் சொல்ல முடியாது. இணைய வாக்கு அளப்பது புகழை அல்ல, திரட்டும் ஆற்றலை. 2014-இல் அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயத் தொடரில், ஆல்-ஸ்டார் பந்தயத்தில் ஓட இடம் தரும் ரசிகர் வாக்கில், மிகப் பிரபலமான டானிகா பாட்ரிக்கைப் பின்னுக்குத் தள்ளி வென்றவர், பின்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த ஜோஷ் வைஸ். ரெடிட் தளத்தில் இயங்கிய, டோஜ்காயின் என்ற மின்நாணயத்தின் ஆர்வலர்கள் விளையாட்டாகத் தொடங்கி, அவருடைய காருக்கு நிதி திரட்டி, வாக்கையும் வாங்கித் தந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஃபார்முலா 1 'அன்றைய நாளின் ஓட்டுநர்' என்ற வாக்கெடுப்பைத் தொடங்கியது. மெல்போர்னில் நடந்த முதல் வாக்கெடுப்பிலேயே, பந்தயத்தை முடிக்காமல் விலகிய இந்தோனேசியாவின் ரியோ ஹரியாந்தோவுக்கு வாக்குகள் குவிந்ததாகவும், ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் வந்தவை கழிக்கப்பட்டதாகவும் செய்திகள் வெளியாயின. அறிவிக்கப்பட்டவர் ரோமன் குரோஜான். அங்கே போனதும் வந்ததும் ஒரு பாராட்டு மட்டுமே. திறனோ புள்ளியோ பணயத்தில் இல்லை என்பதால் எல்லோரும் சிரித்துவிட்டு மறந்தார்கள்.

நம் சென்னை கருண் சந்தோக் அதில் ஓட்டினாரே? (சென்னை வாசகர்)

ஆம், முதல் பருவத்தில் மஹிந்திரா அணிக்காக ஓட்டினார். அவருடைய அணித் தோழர்தான் மேலே குறிப்பிட்ட புரூனோ சென்னா. பெய்ஜிங்கில் ஒரே அணியில் ஒரே வகைக் கார் ஓட்டிய இருவரில் ஒருவருக்கு மட்டும் 5 விநாடிச் சலுகை இருந்தது. அவர் மூன்று முறை ஃபார்முலா 1 சாம்பியனான அயர்ட்டன் சென்னாவின் சகோதரி மகன்; அந்தக் குடும்பப் பெயருக்கு உலகெங்கும் உள்ள ஈர்ப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

நாஸ்காரில் வாக்கின் மூலம் களமிறங்குவதையும் எதிர்க்கிறீர்களா? (மதுரை வாசகர்)

இல்லை. ஆல்-ஸ்டார் பந்தயம் பருவத்தின் புள்ளிக் கணக்கில் சேராத காட்சிப் பந்தயம். வாக்கு ஒருவரைக் களத்துக்குள் அனுமதிக்கிறது. உள்ளே வந்தபின் அவரும் மற்றவர்களைப் போலத்தான் ஓட்ட வேண்டும். 2008-இல் கேசி கான் அப்படி வாக்கால் நுழைந்து பந்தயத்தையே வென்று, பத்து லட்சம் டாலர் பரிசையும் பெற்றார். அந்த வெற்றியை யாரும் குறை சொல்லவில்லை. கரடுமுரடான நிலங்களில் மின்சார வண்டிகள் ஓடிய எக்ஸ்ட்ரீம் ஈ பந்தயத்தில், இறுதிச் சுற்றுக்கான தொடக்க இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமையை வாக்கு தீர்மானித்தது. அது இரண்டுக்கும் இடைப்பட்டது. எனக்கு அதுவும் உவப்பில்லை. அது சாம்பியன் பட்டத்துக்கான பந்தயம்.

ரசிகரின் பணத்தில் நடக்கும் விளையாட்டில் ரசிகருக்கு உரிமை கூடாதா? (பெங்களூரு வாசகர்)

புதிதாகத் தொடங்கிய, ஓசையில்லாத கார்கள் ஓடும் ஒரு பந்தயம், இளைஞர்களின் கைபேசிக்குள் நுழைய வழி தேடியது. அந்தத் தேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு ரசிகர் பெற்ற உரிமையின் மறுபக்கத்தில் இன்னொரு ரசிகர் இருக்கிறார்: தமக்குப் பிடித்த ஓட்டுநர் பிழையின்றி ஓட்டியும் இடத்தை இழப்பதை அவர் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் தலைமுறைக் கார்கள் வந்த 2023 பருவத்தில் ஃபேன்பூஸ்ட் கைவிடப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஹைதராபாதில் ழான்-எரிக் வெர்ன் வென்ற பந்தயம் அது இல்லாமலே நடந்தது. அதைத் தேடி வருந்தியவர் எவரையும் நான் கண்டதில்லை.

சென்னைத் தெருக்களில் 2024-இல் நடந்தது போன்ற ஃபார்முலா 4 பந்தயத்தில் இப்படி ஒன்றை வைத்தால் கூட்டம் சேருமே? (கோவை வாசகர்)

சேரலாம். ஆனால் ஃபார்முலா 4-இல் எல்லோருக்கும் ஒரே வகைக் கார் தருவதன் நோக்கமே, யார் திறமையானவர் என்று அடுத்த நிலை அணிகள் கண்டறிய வேண்டும் என்பதுதான். அந்த அளவுகோலில் வாக்கைக் கலந்தால், பதினேழு வயதுப் பையனின் முடிவுப் பட்டியலைப் படிக்கும் அணி மேலாளர் எதை நம்புவார்? வாக்கெடுப்பு வேண்டுமென்றால் பந்தயம் முடிந்தபின் நடத்தி, வென்றவருக்கு ஒரு கோப்பை கொடுங்கள்.