தலையில் கோத்துக்கொள்வது எந்த நீர்?

கேள்வி: சம்பா அறுப்பு சமயம் களத்தில் நின்றால் அடுக்குத் தும்மல். நாலு நாளில் கன்னம் கனத்து, குனிந்தால் வலிக்கிறது. "பனியில் தலைக்குக் குளித்தாய், நீர் கோத்துக்கொண்டது" என்று மாமியார் நீர்க்கோவை மாத்திரையைக் குழைத்து நெற்றியில் பத்துப் போடுகிறார். வருடா வருடம் எனக்கு மட்டும் ஏன்?
- வாசகி, மன்னார்குடி பக்கம்

பதில்: குளித்த தண்ணீர் தலைக்குள் இறங்காது, சகோதரி. கோத்துக்கொள்வது உங்கள் சளிதான். மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் உண்டு; இவைதான் சைனஸ். அவற்றில் ஊறும் சளி சிறு துவாரம் வழியாக மூக்குக்கு வந்துகொண்டே இருக்கும். இதில் கன்னத்து அறைதான் பாவம்: அதன் துவாரம் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. வடிமடையை மேட்டில் வைத்த வயல் மாதிரி. நுண்ணிய மயிர்கள் சளியை மேலே தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். மூக்குச் சவ்வு கொஞ்சம் வீங்கினாலே மடை அடைபடும். தேங்கியதில் கிருமி பெருகும்.

வீக்கத்துக்குப் பெரும்பாலும் சாதாரண ஜலதோஷ வைரஸ்தான் காரணம். உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் நெல் தூசி மேல். அறுவடை மெஷின் கிளப்பும் புழுதி, தூற்றும்போது பறக்கும் பதர், சுணை எல்லாம் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது. பனியும் அறுப்பும் ஒரே சமயம் வருவதால் பழி குளியல் மேல் விழுகிறது!

ஆஸ்துமா உள்ளவர்கள், மூக்கில் சதை வளர்ந்தவர்கள், மூக்கின் நடுத்தண்டு வளைந்தவர்கள், புகைப்பவர்களுக்கும் இந்த சைனஸ் தொல்லை அடிக்கடி வரும். பலர் கவனிக்காதது கடைவாய்ப் பல். மேல்வரிசைப் பல்லின் வேர் கன்னத்து அறைக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் பல் டாக்டரையும் பாருங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது. 2021-இல் கருப்புப் பூஞ்சை அவர்களைப் படுத்திய பாடு நினைவிருக்கும்.

சளி பச்சையாக வந்ததுமே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது. பத்து நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி ஏறினால் டாக்டரிடம் போங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கழுத்து விறைத்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பத்து இதமாக இருந்தால் அத்தை போடட்டும். தலைக்கும் குளியுங்கள். களத்துக்கு மட்டும் நல்ல மாஸ்க் போட்டுப் போய், வந்ததும் உப்பு கலந்த தண்ணீரால் மூக்கைக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். ஆறு, போர்செட் தண்ணீர் அப்படியே வேண்டாம்.