பிங்க் காக்கட்டூவின் காடு: கேள்வி பதில்

நான் இருப்பது மில்டூராவில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து வடமேற்கு மூலை. பதினோரு வருடமாக இங்குள்ள மாலி காடுகளில் பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போய் வருகிறேன். பிங்க் காக்கட்டூ என்ற கொண்டைக் கிளி வாழும் இடம், மரம், தீனி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் குவிந்துவிட்ட கேள்விகளுக்கு இரண்டு நாளாக உட்கார்ந்து எழுதிய பதில்கள் இவை. கூண்டுப் பறவை வளர்ப்பு என் துறை இல்லை. கூடு இருக்கும் இடத்தை யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து ஒருவர்: அக்கா, காக்கட்டூ என்றாலே மழைக்காட்டுப் பறவை என்று நினைத்திருந்தேன். இது வறண்ட உள்நாட்டில் இருக்கிறது என்கிறீர்கள். அங்கே காடு எப்படி இருக்கும்?

நல்ல கேள்வி, இதற்கு நிதானமாகவே சொல்கிறேன். சிவப்பு மணல் மேடுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் மாலி. தைல மரத்தின் குட்டைச் சொந்தம் அது. அடியில் மண்ணோடு ஒரு பெரிய கிழங்கு மாதிரிக் கட்டை இருக்கும், அதிலிருந்து ஐந்தாறு தண்டு கிளம்பிக் குடை மாதிரி விரியும். மேடுகளுக்கு நடுவே சமதரையில் சைப்ரஸ் பைன், பீலா, புலோக் என்று வேறு மரங்கள். பீலாவைப் பார்த்தால் உங்களுக்கு உடனே அடையாளம் தெரியும், நம் கடற்கரைச் சவுக்கின் நேர் பங்காளி, காற்றடித்தால் அதே இரைச்சல். மர்ரே ஆற்றங்கரையிலும் பழைய வெள்ளப் படுகைகளிலும் ரிவர் ரெட் கம், பிளாக் பாக்ஸ் என்ற தைல மர இனங்கள். இன்னும் உள்ளே போகப் போக வேல மரத்தின் இனமான முல்கா. இத்தனையிலும் இந்தப் பறவை இருக்கும், மரமே இல்லாத திறந்த வெளியில்கூட மேயும்.

அதனால் "எந்தக் காடு" என்று ஒரே பெயரில் சொல்ல முடியாது. மூன்று பொருள் ஒன்றுக்கொன்று பறந்து போகும் தூரத்தில் அமைய வேண்டும்: கூடு வைக்கப் பெரிய பொந்து, வருடம் முழுக்க ஏதாவது ஒரு விதை, குடிக்கத் தண்ணீர். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். பண்ணைக்குட்டையும் கோதுமை வயலும் பக்கத்திலேயே இருந்து, பொந்து மரம் இல்லாமல் போன ஊர்களில் இந்தப் பறவை காணாமல் போய்விட்டது.

இன்னொன்று, இவை நெருங்கிக் கூடு வைக்காது. இரண்டு கூடுகளுக்கு நடுவே குறைந்தது 1 கிலோமீட்டர் இருக்கும், மொத்தத்தில் 30 சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஜோடிக்கு மேல் தேறாது என்பது நியூ சவுத் வேல்ஸில் சொல்லும் கணக்கு. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அவ்வளவு இடமும் நல்ல காடாக இருந்தாலும் 14 ஜோடிதான் என்று வைத்துப் பாருங்கள். அங்கங்கே துண்டு துண்டாக மிஞ்சிய தோப்புகள் இதற்கு ஏன் போதவில்லை என்று புரியும்.

சிட்னி: எங்கள் வீட்டருகே பூங்காவில் பிங்க் காக்கட்டூ கூட்டமாகப் புல் மேய்கிறது. அழியும் இனம் என்கிறீர்களே?

அது கலா, காக்கட்டூவில் வேறொரு இனம். முதுகு சாம்பல் நிறமா என்று பாருங்கள். பிங்க் காக்கட்டூவுக்கு முதுகு வெள்ளை, முகமும் வயிறும் இளஞ்சிவப்பு, கொண்டையை விரித்தால் சிவப்புக்கு நடுவே மஞ்சள் பட்டை.

கோவை: என்ன சாப்பிடும்?

பெரும்பாலும் தரையில் இறங்கித்தான் தின்னும். சால்ட்புஷ் விதை (நம் ஊர் உமரிச் செடியின் குடும்பம்), வேல இனங்களின் விதை, சைப்ரஸ் பைன் காய், சிந்திய கோதுமை, மரத்தைக் கிழித்தெடுக்கும் புழு. ஆனால் அதன் உயிர் குமட்டிக்காயில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து இங்கே களையாகப் பரவிய காட்டுக் குமட்டிகள் சாலையோரமெல்லாம் கொடி விட்டுக் கிடக்கும், அதில் ஒன்று நம் பேய்க்குமட்டியின் நெருங்கிய இனம்.

போன மார்ச் மாதம் ஒரு ஜோடியை வண்டிக்குள் இருந்தபடியே நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் பறவை, கண் சிவப்பாக இருந்ததால் தெரிந்தது, ஆணுக்குக் கண் கரும்பழுப்பு. ஒரு காயை உருட்டி, காலால் அமுக்கி, அலகால் ஒரு சீவல் சீவிச் சதையை அப்படியே உதறிவிட்டு விதையை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தது. விதையை நாக்கால் திருப்பித் திருப்பித் தோலை உரித்துக் கீழே தள்ளியது. அது கிளம்பிய பிறகு இறங்கிப் பார்த்தால் சிவப்பு மணலில் பதினேழு காய்த் தோல், எல்லாம் ஒரே மாதிரி ஒரு பக்கம் மட்டும் திறந்து, உள்ளே ஒரு விதை மிச்சமில்லை.

அடிலெய்ட்: எங்கே போனால் பார்க்கலாம்?

உங்களுக்கு மர்ரே பக்கம் குளூபாட் ரிசர்வ் கிட்ட இருக்கிறது. விக்டோரியாவில் ஹட்டா-குல்கைன், வையர்ஃபெல்ட் தேசியப் பூங்காக்கள். நியூ சவுத் வேல்ஸில் முங்கோ. குயின்ஸ்லாந்தில் கன்னமுல்லா பக்கம் பவுரா சரணாலயம். சாயங்காலம் தண்ணீருக்குத் தள்ளி, அசையாமல் உட்காருங்கள், பறவை தானே வரும். குட்டைக் கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது தாகத்தோடு திரும்பிப் போகும். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பொந்து மரத்தடியில் நிற்க வேண்டாம். படம் எடுத்தால் இடத்தின் பெயரைப் போட வேண்டாம். முட்டையும் குஞ்சும் திருடுகிறவர்கள் உண்டு, குஞ்சை எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்க்கிறவர்களும் உண்டு, அப்படிச் செய்தால் அந்தப் பொந்து எந்தப் பறவைக்கும் இல்லாமல் போகிறது.

சென்னை: மேடம், வீட்டில் வளர்க்க ஒன்று வாங்கலாமா? எவ்வளவு ஆகும்?

வேண்டாம். ஆஸ்திரேலியா தன் பறவைகளை உயிரோடு விற்பனைக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. இந்தியாவில் 2022-இல் திருத்திய காட்டுயிர்ச் சட்டப்படி இப்படிப்பட்ட அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். சட்டத்தை விடுங்கள், சிகாகோ அருகே புரூக்ஃபீல்ட் மிருகக்காட்சிசாலையில் குக்கி என்றொரு பிங்க் காக்கட்டூ இருந்தது, 1933-இல் பிறந்து 2016-இல்தான் இறந்தது. 83 வருடம்! அதை உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசியுங்கள்.

மெல்போர்ன்: இதற்கு மேஜர் மிட்செல் காக்கட்டூ என்றல்லவா பெயர்? ஏன் மாற்றினார்கள்?

தாமஸ் மிட்செல் நில அளவைத் தலைவர், இந்தப் பறவையின் அழகைப் புகழ்ந்து எழுதியவர், சரி. ஆனால் 1836-இல் யூஸ்டன் பக்கம் மவுண்ட் டிஸ்பர்ஷனில் அவருடைய ஆட்கள் ஆற்றைக் கடந்து தப்ப முயன்ற பூர்வகுடிகளைச் சுட்டார்கள், குறைந்தது 7 பேர் செத்தார்கள். 2023-இல் பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு இனி பிங்க் காக்கட்டூ என்றே சொல்வோம் என்று முடிவெடுத்தது. நான் இருக்கும் ஊரிலிருந்து அந்த இடம் ஒரு மணி நேரப் பயணம். பழைய பெயர் எனக்கு வாயில் வருவதில்லை. அதே 2023-இல்தான் இதன் கிழக்குத் துணையினத்தை நாட்டளவில் அருகிவரும் இனப் பட்டியலில் சேர்த்தார்கள், பெயர்ச் சண்டையில் அந்தச் செய்தி அமுங்கிப் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

திருச்சி: அக்கா, பொந்து மரம் குறைகிறது என்றால் மரம் நட வேண்டியதுதானே? நாங்கள் நண்பர்கள் சேர்ந்து மூன்று வருடத்தில் நாலாயிரம் கன்று நட்டிருக்கிறோம். மனசு வைத்தால் முடியும்.

தம்பி, நடுங்கள், நட்டதற்கு நன்றி. ஆனால் கன்றில் பொந்து இல்லை. இந்தக் காக்கட்டூ நுழையும் அளவுக்குப் பொந்து விழ ஒரு மரத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகும். கிளை ஒடிய வேண்டும், உள்ளே பூஞ்சை இறங்க வேண்டும், கறையான் அரிக்க வேண்டும். இதில் எதையும் நாம் அவசரப்படுத்த முடியாது.

வையர்ஃபெல்ட் பூங்காவின் பைன் பிளெயின்ஸில் இந்தப் பறவை கூடு வைப்பது பெரும்பாலும் வயதான சைப்ரஸ் பைன்களில். அவை செத்து நின்றபடியே காலம் தள்ளுகிற மரங்கள். அவற்றுக்கு அடியில் அடுத்த தலைமுறை இல்லை, ஏனென்றால் நூறு வருடத்துக்கு மேலாக முளைத்ததையெல்லாம் ஆடும் முயலும் கங்காருவும் மேய்ந்துவிட்டன. பாட்டி இருக்கிறாள், அம்மாவும் மகளும் இல்லை. இன்று வேலி போட்டு முளைக்க வைத்தாலும் நடுவில் ஒரு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்டுகிற வரை நிற்கும் கிழட்டு மரம் ஒவ்வொன்றும் நின்றாக வேண்டும்.

திருச்சி, மறுபடி: செத்த மரத்துக்கு இவ்வளவு மரியாதை, நடுகிறவனுக்கு இல்லையா? நீங்கள் சொல்வதைப் படித்தால் யாருமே நட மாட்டார்கள்.

மரியாதை இல்லை என்று எங்கே சொன்னேன்? "நட்டாயிற்று, ஈடு கட்டியாயிற்று" என்று சொல்லிப் பழைய மரத்தை வெட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். இங்கே வயலுக்காகவும் சாலைக்காகவும் இருநூறு வருட மரத்தைச் சாய்த்துவிட்டுப் பத்துக் கன்று நட்டோம் என்று கணக்குக் காட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரிவர் ரெட் கம்மையே எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டில் காகித ஆலைக்காக நடுகிற தைல மரங்களில் அதுவும் ஒன்று. ஆறேழு வருடத்தில் வெட்டிவிடுகிறோம். இங்கே ஆற்றங்கரையில் அதே மரம் நானூறு வருடம் நிற்கிறது, ஒன்றிலேயே ஐந்தாறு பொந்து. இரண்டும் மரம்தான், பறவைக்கு இரண்டும் ஒன்றா?

ஈரோடு: திருச்சி நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொந்துக்குப் பதில் மரப்பெட்டி கட்டலாமே, எதற்கு நூறு வருடம் காத்திருக்க வேண்டும்?

வையர்ஃபெல்டில் செயின்சாவால் சைப்ரஸ் பைன் தண்டிலேயே பொந்து குடைந்து சோதித்திருக்கிறார்கள். அவசரத்துக்கு உதவும், நான் ஆதரிக்கிறேன். மெல்லிய பலகைப் பெட்டி இந்த ஊர் வெயிலில் அடுப்பாகிவிடும், உள்ளே குஞ்சு வெந்துபோகும். பராமரிக்காத பெட்டியில் தேனீ குடியேறும், இல்லாவிட்டால் கலாவும் கொரெல்லா என்ற வெள்ளைக் காக்கட்டூவும் பிடித்துக்கொள்ளும். அப்புறம், குடையவும் தண்டு பருத்த பழைய மரம்தானே வேண்டும்? அங்கேயே திரும்பி வந்து நிற்கிறோம்.

பெர்த்: கலாவும் இதுவும் ஒரே பொந்துக்குச் சண்டை போடுமா?

இதைக் கேட்டதற்கு உங்களுக்குத் தனி நன்றி, எனக்கு மிகவும் பிடித்த கதை உங்கள் மாநிலத்தில்தான் நடந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதி ஓரத்தில் இயன் ரவுலி, கிரேம் சாப்மன் என்ற பறவை ஆய்வாளர்கள் பல வருடம் இந்தப் பறவைகளைப் பின்தொடர்ந்தார்கள். பொந்துக்கு நெருக்கடி வந்தபோது சில இடங்களில் இரண்டு இனமும் ஒரே பொந்தில் முட்டை வைத்தன. சண்டையில் உடம்பு பெரிய பிங்க் காக்கட்டூ ஜெயித்து, கலா முட்டையையும் சேர்த்தே அடைகாத்துவிட்டது. அப்படி வளர்ந்த கலாக் குஞ்சுகள் பசிக்கும்போது கலா மாதிரியே கத்தின, ஆபத்தென்றால் கலா மாதிரியே அலறின. ஆனால் கூட்டத்தோடு சேர்ந்திருக்கக் கொடுக்கும் குரல் வளர்ப்புத் தாயுடையது. தின்பதும் அவள் தின்றதை, இறக்கையடிப்புகூட அவளைப் போல மெதுவாக. எந்தக் குமட்டி எங்கே காய்க்கும், எந்தக் குட்டையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் தாய் காட்டிக் குஞ்சு கற்பது என்று இதை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

சேலம்: இந்தக் கிளி விலை என்ன?

மேலே சென்னைக்குச் சொன்ன பதில்தான்.

பிரிஸ்பேன்: எங்கே பார்க்கலாம்? கூடு இருக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள், படம் மட்டும்தான் எடுப்பேன்.

இடங்கள் மேலே இருக்கின்றன, உங்களுக்குப் பவுரா. கூட்டிடம் சொல்ல மாட்டேன். படம் மட்டும் எடுக்கிறவர் நிற்பதைப் பார்த்துத்தான் குஞ்சு எடுக்கிறவர் வருகிறார்.

மெல்போர்ன்: காட்டுத்தீ இந்த மரங்களை என்ன செய்யும்? மாலி திரும்பத் துளிர்க்கும் என்று படித்தேன்.

மாலி அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், ஆனால் துளிர்த்த தண்டு விரல் பருமன், பொந்துள்ள பழைய தண்டு போனது போனதுதான். சைப்ரஸ் பைன் கடுந்தீயில் செத்துவிடும், அடியிலிருந்து திரும்ப வராது. செத்து உலர்ந்து நிற்கும் பொந்து மரமோ தீக்குச்சி மாதிரி, ஒரு பொறி போதும். 2014 ஜனவரித் தீயில் வையர்ஃபெல்டில் கூடு வைக்கும் மரங்கள் என்று தெரிந்தவை பல அப்படித்தான் போயின. நீங்கள் மெல்போர்னில் குளிருக்கு விறகு வாங்குகிறவராக இருந்தால், எங்கிருந்து வந்த விறகு என்று கடையில் கேளுங்கள். காட்டில் செத்து நின்ற மரம் என்று சொன்னால் வாங்காதீர்கள்.

வேலூர்: கிளிக்குப் பேச்சுக் கற்றுக்கொடுப்பது எப்படி?

என் துறை இல்லை.

திருச்சி, மூன்றாவது முறை: அக்கா, கோபத்தில் எழுதிவிட்டேன். எங்கள் தாத்தா நிலத்து வரப்பில் நாலு மொட்டைப் பனை நிற்கிறது. செங்கல் சூளைக்காரர் கேட்டிருக்கிறார், அப்பா கொடுத்துவிடலாம் என்கிறார். பொந்து இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தம்பி, இதற்கு முதலில் பதில் எழுதுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் ஏற வேண்டாம், தட்டவும் வேண்டாம். தை பிறந்து பங்குனி முடிய ஏதாவது ஒரு நாள், பொழுது சாயும்போது முப்பது அடி தள்ளி வரப்பில் உட்காருங்கள். பச்சைக்கிளி வந்து தண்டில் ஒட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டால் அது வீடு. இருட்டுகிற நேரம் புள்ளி ஆந்தை வாசலில் தலையை நீட்டும். அடியில் பாருங்கள், புதிதாக உதிர்ந்த பனஞ்சிராய், எச்சம், இறகு. நாலு மரத்துக்கும் தனித்தனியாக ஒரு சாயங்காலம் கொடுங்கள். ஒரு நாளாவது அப்பாவைக் கூட அழைத்துப் போங்கள், சூளைக்காரருக்குப் பதில் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.