டீக்கடைத் தூணில் ஒட்டிய பஸ் நேரம்

"தினமும் டவுன் பஸ்ஸில் போகிறவர் நீங்கள் என்றால், உங்கள் ஊர்ப் பேருந்துச் சேவை மேம்பட என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கண்டியூரிலிருந்து தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், பன்னிரண்டு வருஷமாக. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய்ச் சேர்வதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். அதில் மூன்றை நான் தினம் இரண்டு தடவை தாண்டுகிறேன். புது வண்டி வேண்டும், சாலை அகலமாக வேண்டும், எல்லாம் சரிதான். ஆனால் என்னைக் கேட்டால், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்பது நிறுத்தத்தில் நிற்கிறவருக்குத் தெரிய வேண்டும். அதுதான் முதல் வேலை.

இந்த நேரத்தைப் புதிதாக யாரும் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அரசு வண்டியோ தனியார் வண்டியோ, எத்தனை மணிக்கு எங்கே எடுக்க வேண்டும், எப்போது போய்ச் சேர வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்றெல்லாம் குறித்துக் கொடுத்துத்தான் ஓட்டச் சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு நிமிஷம் பிந்தி எடுத்தால் பின்னால் நிற்கிற வண்டிக்காரர் சத்தம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு கணக்காக அவர்களுக்குள் ஓடுகிற நேரம், பள்ளியக்கிரகாரத்திலும் அம்மன்பேட்டையிலும் வெயிலில் நிற்கிற சனங்களிடம் வந்து சேரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நேரம் பார்க்கிறவரிடம் போய், "அண்ணே, திருவையாறு வண்டியெல்லாம் எப்பப்ப எடுக்குது?" என்று கேட்டேன். மேசையில் இருந்த நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "எழுதிக்கம்மா" என்றார். கடை பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் வருகிற வண்டிகளின் நேரத்தை நானே ஒரு வாரம் நின்று பார்த்துக் குறித்தேன். இரண்டையும் ஒரு முழு வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதி, எங்கள் நிறுத்தத்தில் இருக்கிற டீக்கடைத் தூணில் ஒட்டினேன். தஞ்சாவூர் போகிறது நீல மையில், திருவையாறு போகிறது சிவப்பு மையில். மகளிருக்குக் கட்டணமில்லாத வண்டிகளுக்கு எதிரே ஒரு சின்ன நட்சத்திரம்.

ஒரு மாதத்துக்குள் அந்தத் தூணைச் சுற்றி நடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு இவ்வளவு உறுதி வந்தது. முன்பெல்லாம் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிற பெண்கள், அடுப்பு வேலையை முடித்துவிட்டு ஏழரைக்கு வர ஆரம்பித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆத்தா, நட்சத்திரம் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்துகொண்டார். டீக்கடைக்காரரிடம் "மூணாவது நட்சத்திரம் போயிடுச்சாப்பா?" என்று கேட்பார். ஒரு தாள், இரண்டு பேனா, அவ்வளவுதான் செலவு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தகரப் பலகையில் பெயிண்டால் எழுதி வைப்பது எந்த ஊருக்கும் முடியாத காரியமில்லை.

அந்த நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் வீட்டில் அந்தக் காசு மகளின் தட்டச்சு வகுப்புக்குப் போயிற்று. இந்தத் திட்டத்தை லேசாகப் பேசுகிறவர்கள் ஒரு மாதம் எங்கள் நிறுத்தத்தில் நின்று பார்க்க வேண்டும். கூலி வாங்கும் பெண்ணுக்கு அது சம்பள உயர்வு மாதிரி. ஆனால் அதனால் ஒன்று நடந்திருக்கிறது. அரியலூர்ப் பக்கம் போய்வருகிற மப்சல் வண்டி, அதாவது பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டிய வெளியூர் வண்டி வந்தால் ஆண்கள் ஏறிவிடுகிறார்கள், பெண்கள் விட்டுவிட்டு நிற்கிறோம். சாலையில் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி போகிறது என்று கணக்கில் இருக்கலாம். எங்களுக்கு அது முக்கால் மணிக்கு ஒன்று. போக்குவரத்தைத் திட்டமிடுகிறவர்கள் மொத்த வண்டியை எண்ணுவதோடு நிற்காமல், இன்ன பயணி ஏறக்கூடிய வண்டி எத்தனை என்றும் எண்ண வேண்டும்.

நேரத்தாளை ஒட்டிய பிறகு ஒரு சிக்கலும் வந்தது. நடை ரத்தானால் என்ன செய்வது? ஒரு கார்த்திகை மாத ராத்திரி, கடை கட்டிவிட்டு ஒன்பது மணி வண்டிக்கு நின்றோம். நானும், ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியில் மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு வந்த ஒரு அம்மாவும், இன்னும் இரண்டு பேரும். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒன்பதே கால், ஒன்பதரை. வருமா வராதா என்று சொல்ல ஆள் இல்லை. "வராது" என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஒன்பது பத்துக்கே நாலு பேரும் சேர்ந்து ஆட்டோ பிடித்திருப்போம். பத்து மணிக்குப் பிடித்தபோது ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா மணக்கரம்பையில் இறங்கும்போது, மருந்துக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தார். வண்டி பழுதாகும், ஆள் வரமாட்டார், அதெல்லாம் நடக்கிறதுதான். அதைப் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் சொல்லிவிடலாமே. கடைசி நடையை மட்டுமாவது எக்காரணம் கொண்டும் நிறுத்தாமல், அந்த வண்டி இல்லையென்றால் வேறு வண்டியை விடுவது என்று ஒரு விதி இருக்கலாம். கடைசி நடையை நம்ப முடியாவிட்டால் ஜனங்கள் அதற்கு முந்தின நடையையும் நம்பமாட்டார்கள். எங்கள் கடையிலேயே இரண்டு பேர் அப்படித்தான் கடன் வாங்கி ஸ்கூட்டி எடுத்தார்கள்.

சென்னையில் 2022லிருந்து மாநகரப் பேருந்து எங்கே வருகிறது என்று செல்போன் செயலியில் பார்க்க முடிகிறது. நம் பக்கமும் அது வரட்டும். வந்தாலும் தகரப் பலகை வேண்டும். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, குறுவை நடவு ஆரம்பித்தால், காலை ஐந்தரைக்கு எங்கள் நிறுத்தத்தில் தூக்குவாளியோடு இருபது பெண்கள் நிற்பார்கள். பாதிப் பேரிடம் இருப்பது பட்டன் போன். அதே நேரத்தில் வாழை இலைக் கட்டும் பூக்கூடையும் டவுனுக்குப் போகும். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று எங்கள் ஊர்க் கூட்டம் ஆற்றுத் தண்ணீரைப் பொறுத்து ஏறி இறங்கும். வருஷம் முழுக்க ஒரே அட்டவணை வைத்தால் ஐப்பசியில் காலியாக ஓடுகிற வண்டி ஆனியில் படிக்கட்டில் தொங்கவிட்டு ஓடும். விசேஷத்துக்குத் தனி வண்டி விடத் தெரிந்தவர்கள் நாம். 2016 மகாமகத்தின்போது கும்பகோணத்தைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து லட்சக்கணக்கான பேரைக் கொண்டுவந்து இறக்கி, திரும்ப ஏற்றி அனுப்பினார்கள். நடவு மாதத்துக்கு அதிகாலையில் கூடுதலாக ஒரு நடை விடுவது அதைவிடச் சின்ன வேலை.

அப்புறம், ஏறுவது. என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது, மாதம் ஒரு தடவை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி மெடிக்கல் வண்டி மாற வேண்டும். திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசல் நிறுத்தத்தில் நன்றாகக் கட்டின மேடை இருக்கிறது. அதன் ஓரமாக ஆட்டோக்களும் ஒரு இளநீர் வண்டியும் நிற்பதால் பஸ் ஆறடி தள்ளி நடுரோட்டில்தான் நிற்கிறது. மாமியார் மேடையிலிருந்து கையை ஊன்றி ரோட்டுக்கு இறங்குவார். இறங்கினால் முதல் படி அவர் முழங்காலுக்கு மேலே. கம்பியைப் பிடித்து, வலது காலைத் தூக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்குவேன். "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்பார் கண்டக்டர். அவரையும் குறை சொல்ல முடியாது, பின்னால் ஹாரன் கேட்கிறது. வண்டி மேடையை ஒட்டி நின்றிருந்தால் அந்த மேடையே ஒரு படியாகியிருக்கும். மேடை கட்டச் செலவழித்த பணம் வீணாவது அந்த ஆறடியில்.

சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகளைத் திரும்பவும் விட்டார்கள். தளம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரம்தான், நிறுத்தத்தில் ஏறும் பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் கொடுக்கும். நம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரித் தடங்களுக்கு அதை முதலில் கேட்க வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வைத்தியத்துக்கு வருகிற இடம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. தாழ்தள வண்டி வருகிற வரை, நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வண்டி நீளத்துக்கு மஞ்சள் கோடு போட்டு, காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஒரு காவலரை நிறுத்தினால் போதும். இளநீர்க்காரருக்குப் பத்தடி தள்ளி இடம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும், பிழைப்பைக் கெடுக்கக் கூடாது.

ஒரே தடத்து வண்டிகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பற்றிப் பலரும் கோபப்படுகிறார்கள். நானும் கோபப்பட்டவள்தான். பிறகு கவனித்ததில் காரணம் புரிந்தது. முதல் வண்டி கரந்தையில் ஐந்து நிமிஷம் மாட்டிக்கொண்டால் அடுத்த நிறுத்தத்தில் அதற்குள் ஆள் சேர்ந்துவிடும். ஏற்ற நேரமாகும், இன்னும் பிந்தும். பின்னால் வருகிற வண்டிக்கு ஏற்ற ஆளே இல்லை, வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். முந்தின வண்டியில் மூச்சுவிட இடம் இருக்காது, பின்னால் வருவது காலியாக இருக்கும். நடுவழியில் ஒரு இடத்தில் நேரம் பார்த்து, பின்வண்டியை நாலு நிமிஷம் நிறுத்தி அனுப்பினால் சரியாகிவிடும். பள்ளியக்கிரகாரத்தில் அதற்கு ஒரு ஆள் போதும். பயணிகளும் "பின்னாடியே வண்டி காலியா வருது" என்றால் நம்பி இறங்க வேண்டும். நம்புவதற்கு, அது நிஜமாகவே வர வேண்டும்.

மினி பஸ்ஸும் இதில் சேரும். புதிய மினி பஸ் திட்டத்தை 2025 ஜூன் 16ஆம் தேதி முதலமைச்சர் தஞ்சாவூரில்தான் தொடங்கி வைத்தார். உள்ளூர்த் தெருவரை வண்டி வருவது பெரிய விஷயம். மினி பஸ் மெயின் ரோட்டுக்கு வந்து சேருகிற நேரமும் டவுன் பஸ் அங்கே வருகிற நேரமும் பொருந்த வேண்டும். ஐந்து நிமிஷம் முன்னால் டவுன் பஸ் போய்விட்டால், நடந்தே வந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

எங்கள் நிறுத்தத்துத் தாள் போன மழையில் ஊறிக் கிழிந்துவிட்டது. டீக்கடைக்காரர் பழைய பிளெக்ஸ் துணி ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறார், அதன் பின்பக்கத்தில் பெயிண்டில் எழுதித் தரச் சொல்கிறார். காலையில் இரண்டு வண்டிகளின் நேரம் மாறியிருக்கிறது, சாயங்காலம் ஒரு நடை புதிதாக வந்திருக்கிறது. இந்த வாரம் நோட்டைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை எழுத வேண்டும்.