பழைய துணி தேடி வாங்குவதில் அப்படி என்ன சுகம்?

‘கையில் காசு இருந்தும் சிலர் செகண்ட் ஹேண்ட் துணி தேடிப் போய் வாங்குகிறார்களே, கூச்சமாக இருக்காதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருந்தது. முதல் தடவை நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலேதான் குவியலைக் கிளறினேன்.

சேலத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு ஸ்வெட்டர் எதற்கு? ஒரு டிசம்பர் காலையில் அரைக்கைச் சட்டையோடு பைக்கில் ஏற்காடு கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் பல் தந்தியடித்தது. மேலே சாலையோரம் தார்ப்பாயில் மலை மாதிரி கம்பளித் துணி. “எதை எடுத்தாலும் நூத்தம்பது, கண்ணு. கிளறிப் பாரு, பாக்கறதுக்குக் காசா?” என்றார் கடை அக்கா.

கிளறியதில் கருநீலத்தில் ஒரு ஸ்வெட்டர் சிக்கியது. அசல் கம்பளியா என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தீக்குச்சி உரசினார். முடி பொசுங்கும் வாடை. மிஞ்சிய கரியை விரலில் நசுக்கினால் பொடிப்பொடியாகப் போனது. அக்ரிலிக் என்னும் செயற்கை நூல் என்றால் பிளாஸ்டிக் போல உருகி, ஆறியதும் குட்டி மணியாக இறுகிவிடும். நசுக்க முடியாது. “ஆட்டு முடிதான். போட்டுக்க சாமி, நடுங்கற” என்றார். அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

புதுத் துணி பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி. கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கும். குணம் முதல் துவைப்பில்தான் தெரியும். பழைய துணியில் அந்த ஏமாற்று வேலை கிடையாது. சுருங்க வேண்டியது சுருங்கி, சாயம் போக வேண்டியது போய், இனி இதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்ற நிலையில்தான் கைக்கு வருகிறது. நான் பார்ப்பதெல்லாம் அக்குள், காலரின் உள்பக்கம், பேன்ட் என்றால் உட்காரும் இடம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நைந்த இடம் கண்ணாடி மாதிரி காட்டிக்கொடுக்கும். பட்டன் இல்லையென்றால் கவலையே படமாட்டேன், அதைக் காட்டி விலை குறைக்கலாம்.

இவ்வளவு துணி எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தோன்றியது. வெளிநாட்டுப் பழைய துணியை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய முடியாது. குஜராத்தின் காண்ட்லாவில் உள்ள சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் வந்து இறங்கி, தரம் பிரித்து மறுபடி ஏற்றுமதியாவது ஒரு பகுதி. கம்பளி உடைகளை உடுத்த முடியாதபடி கிழித்துப் பானிபட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதை நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். என் ஸ்வெட்டர் எந்த வழியில் தப்பி மலையேறியது என்று அக்காவிடம் கேட்டேன். “லாரியில வந்துச்சு” என்றார்.

சேலத்துக்குள்ளேயே இதற்கு இன்னொரு முகம் உண்டு. வெண்பட்டு வேட்டி நெய்யும் ஊர் அல்லவா, பழைய பட்டுச் சேலை வாங்க ஆள் வருவார்கள். அவர்களுக்குச் சேலை முக்கியமில்லை, ஜரிகையில் உள்ள வெள்ளிதான். சேலையை எரித்து வெள்ளியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். என் அத்தை அப்படிப் போக இருந்த ஒரு அரக்குச் சேலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விலை பேசி மீட்டார். முந்தானை ஓரத்தில் ஜரிகையைச் சுரண்டிக் காட்டினார், உள்ளே சிவப்புப் பட்டிழை, அசல் ஜரிகை. “இதுக்குப் போயி நெருப்பு வைப்பாங்களா?” என்று அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார்.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவே இல்லை. “எவன் போட்டதோ, என்ன சீக்கோ, வாசலோட வை.” நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “நான் பொறந்தப்ப மொதல்ல என்னை எதுலம்மா சுத்துனீங்க?” தாத்தாவின் பழைய வேட்டி. தூளி கட்டியது பாட்டியின் நூல் சேலை. புதுத் துணி பிள்ளை உடம்புக்கு உறுத்தும் என்று சொன்னதும் அம்மாவேதான். பதில் வரவில்லை, ஆனால் ஸ்வெட்டர் ஊற ஒரு பக்கெட் வெந்நீர் வந்தது. (கம்பளியை வெந்நீரில் போடாதீர்கள். அது இப்போது என் அக்கா மகனுக்குச் சரியாக இருக்கிறது.)

எல்லா நாளும் அதிர்ஷ்டம் அடிக்காது. பூச்சி அரித்ததை வீட்டுக்கு வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதும் உண்டு. போன மாதம் ஒரு ட்வீட் கோட்டு (சொரசொரப்பான கம்பளித் துணியில் தைப்பது), தோளில் போட்டால் எனக்கென்றே தைத்த மாதிரி. முந்நூறு சொன்னார்கள். உடனே எடுத்தால் மரியாதை இல்லை என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஒரு வேன் டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் முடி சீவிக்கொண்டிருந்தார். என்னைவிட அவருக்குத்தான் எடுப்பாக இருந்தது.