முப்பது வருஷம் கழித்து வழக்கா?

கேள்வி: சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானேன் என்று சொல்லி, இருபது முப்பது வருஷம் கழித்து நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுகிறார்கள். இதற்காகச் சில நாடுகளில் காலவரம்பையே எடுத்துவிட்டார்களாம். அப்போது வாய் திறக்காதவர்கள் இப்போது வருவது பணத்துக்காகத்தானே? குற்றம் சாட்டப்பட்டவர் செத்தே போயிருந்தால் யார் வந்து பதில் சொல்வது? எதற்கும் ஒரு முடிவு வேண்டாமா?

பதில்: பணத்தைத்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். நானும் அங்கிருந்தே வருகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு கைதி. ஒரு பெண்ணை வல்லுறவு செய்ய முயன்றதற்காக 1989-ல் ஆயுள் தண்டனை பெற்றவன். 2004-ல், தண்டனை முடியும் முன்பே, வெளியே போய்வர அனுமதி கிடைத்திருந்த நேரத்தில் லாட்டரிச் சீட்டு வாங்கினான். 70 லட்சம் பவுண்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். ஆமாம், பணத்துக்காகத்தான். சல்லிக் காசு இல்லாத கைதி மேல் 1989-ல் வழக்குப் போட்டிருந்தால் வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம். ஆனால் கீழ் நீதிமன்றங்கள், ஆறு வருஷ கெடு தாண்டிவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்தின.

அந்தக் கெடு வந்த விதம் இன்னும் வேடிக்கை. கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் உண்டாக்கினால் அங்கே மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்; ஆனால் தக்க காரணம் இருந்தால் நீதிபதி அதைத் தாண்டியும் அனுமதிக்கலாம். வேண்டுமென்றே செய்த தாக்குதலுக்கு அந்தச் சலுகை பொருந்தாது, ஆறு வருஷத்தோடு சரி என்று 1993-ல் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) தீர்ப்புச் சொன்னது. அதாவது, தெரியாமல் இடித்தவனைவிடத் தெரிந்தே நாசம் செய்தவனுக்குப் பாதுகாப்பு அதிகம். இந்தக் கூத்து 15 வருஷம் சட்டமாக இருந்தது. லாட்டரி வழக்கு மேலே போனபோதுதான், 2008-ல், அதே சபை தன் பழைய தீர்ப்பை மாற்றிக்கொண்டது.

சரி, அப்போதே ஏன் சொல்லவில்லை? ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த குழந்தைப் பாலியல் கொடுமைகளை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் 2013 முதல் 2017 வரை உட்கார்ந்தது. அதன் முன் தனியறையில் பேசியவர்கள், நடந்ததை முதன்முதலாக யாரிடமாவது சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 வருஷம். வக்கீலிடம் சொல்ல அல்ல. யாரோ ஒருவரிடம் சொல்லவே இவ்வளவு காலம். பத்து வயதில் நடந்திருந்தால், வாய் திறக்கும்போது வயது முப்பத்து நான்கு.

இந்தக் கணக்கின் பக்கத்தில் சட்டத்தின் கணக்கை வைத்துப் பாருங்கள். இந்தியாவின் 1963-ம் வருஷக் காலவரையறைச் சட்டப்படி மைனருக்குப் 18 வயது முடிந்த பிறகு கிடைப்பது மூன்று வருஷம். 21 ஆனால் வழக்கு 'டைம் பார்'. எதிர்த்தரப்பு அதைக் கிளப்பாவிட்டாலும் நீதிபதியே தள்ளுபடி செய்தாக வேண்டும். அப்பீல் தாமதமானால் மன்னிக்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. வழக்கே தாமதமானால் இல்லை. புரோநோட்டுக்கு எழுதிய கணக்கைக் குழந்தைக்கும் எழுதிவிட்டார்கள்.

கடனுக்குக் கெடு வைப்பதில் நியாயம் இருக்கிறது. கொடுத்தவனுக்கு நாள் தெரியும், தொகை தெரியும், கேட்காமல் இருந்தால் அது அவன் சோம்பல். இங்கே கேட்கவிடாமல் செய்ததே கொடுமை செய்தவன். 'சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்', 'சொன்னால் உன் அம்மா செத்துப்போவாள்' என்று ஒரு குழந்தையின் வாயை அடைத்துவிட்டு, அந்த மௌனத்தின் வயதைக் காட்டி அவனே தப்பிக்கலாம் என்றால் அது என்ன சட்டம்? தந்தை மேல் மகள் போட்ட ஒரு வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1992-லேயே இதைப் புரிந்துகொண்டது. தன் வாழ்க்கை சிதைந்ததற்கும் சிறுவயதில் நடந்ததற்கும் உள்ள தொடர்பை அவர் உணரும் நாளிலிருந்துதான் கெடு ஓடும் என்றது.

'இத்தனை வருஷ நினைவை எப்படி நம்புவது' என்பவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். இங்கிலாந்திலும் சரி, இந்தியாவிலும் சரி, இந்தக் கடுமையான குற்றங்களுக்குக் கிரிமினல் வழக்குத் தொடரக் காலவரம்பு கிடையாது. நாற்பது வருஷம் கழித்தும் ஜெயிலுக்கு அனுப்பலாம். கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதே சாட்சி, அதே பழைய நினைவு. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கப் போதுமாம், மனநல சிகிச்சைச் செலவைக் கேட்கப் போதாதாம்! (அமெரிக்காவில் நேர்மாறு: காலாவதியான கிரிமினல் வழக்கைப் புதுச் சட்டம் போட்டு உயிர்ப்பிக்கக் கூடாது என்று அவர்களின் உச்ச நீதிமன்றம் 2003-ல் சொல்லிவிட்டது. அதனால்தான் அங்கே சிவில் கதவுக்கு இவ்வளவு சண்டை. நியூயார்க் 2019-ல் அந்தக் கதவைத் திறந்தபோது, இரண்டு வருஷத்தில் 10,000-க்கும் மேல் வழக்குகள் வந்தன.)

செத்தவர் எப்படிப் பதில் சொல்வார் என்ற கேள்வி நியாயமானது. அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஆஸ்திரேலியாவில் இப்படி ஒரு வழக்கே நடந்தது. 1968-ல் 14 வயதில் ஒரு பாதிரியாரால் கொடுமைக்கு ஆளானதாக ஒரு பெண் 2020-ல் வழக்குப் போட்டார். பாதிரியார் 1996-லேயே இறந்துவிட்டார். இனி நியாயமான விசாரணை முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை நிரந்தரமாக நிறுத்தியது. 2023-ல் அந்த நாட்டின் உயர்ந்தபட்ச நீதிமன்றம், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், வழக்கு நடக்கட்டும் என்றது. எதிராக நின்ற அந்த இரண்டு நீதிபதிகளின் கவலையும் உங்கள் கவலையும் ஒன்றுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: காலவரம்பை எடுத்த பிறகும், விசாரணை அநியாயமாகிவிடும் என்றால் நிறுத்தும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பும் வாதியின் தலையில்தான். வரம்பை எடுப்பதால் யாரும் ஜெயித்துவிடுவதில்லை. உள்ளே வந்து பேச முடிகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், பெரும்பாலும் பிரதிவாதி செத்துப்போன தனிமனிதர் அல்ல. ஒரு நிறுவனம். அதற்கு அலமாரி உண்டு, கோப்பு உண்டு, யாரை எந்த ஊருக்கு ஏன் மாற்றினோம் என்ற கடிதம் உண்டு. 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தின் (கத்தோலிக்கத் திருச்சபையின் நிர்வாகப் பிரிவு) மானம், பாதிரியார்கள் செய்த கொடுமைகளால் கப்பலேறியதற்கு ஒரு பெரிய காரணம், சிவில் வழக்குகளில் நீதிமன்ற உத்தரவால் வெளியே வந்த அதன் சொந்தக் கோப்புகள். அந்தக் காகிதத்துக்கு மறதி வரவில்லை.

பொய் வழக்கே வராது என்று சொல்ல மாட்டேன். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி 2025-ல் 6,800-க்கும் மேற்பட்ட பாலியல் கொடுமைக் கோரிக்கைகளை முடிக்க 4 பில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. சில மாதங்களில், வழக்கில் சேரச் சிலருக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள் என்று பத்திரிகைச் செய்தி வந்து, விசாரணை தொடங்கியது. அப்படிச் செய்த தரகர்களைப் பிடித்து உள்ளே வைக்கட்டும். வாகன விபத்து நஷ்டஈட்டிலும் போலி வழக்கு உண்டு. அதற்காக விபத்து வழக்கே கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

கடைசியாக, முடிவு வேண்டாமா என்கிறீர்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் குழந்தைப் பாலியல் கொடுமை வழக்குகளுக்கு இருந்த காலவரம்பை முழுதாக நீக்கியது. சட்டம் அமலுக்கு வந்த நாள் 2023 அக்டோபர் 1. பால்டிமோர் உயர்மறைமாவட்டம் திவால் மனு போட்டது செப்டம்பர் 29-ம் தேதி. திவால் நீதிமன்றம் என்றால் கோரிக்கைகளுக்குக் கடைசி நாள் என்று ஒன்று குறிப்பார்கள். குறித்தார்கள்: 2024 மே 31. நீங்கள் கேட்ட முடிவு அங்கே வந்துவிட்டது, எட்டே மாதத்தில்.