மர்ரே ஆறும் ரயிலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு இங்கே ஆஸ்திரேலியாவில் எச்சூகா என்ற ஆற்றங்கரை ஊருக்குப் போயிருந்தோம். மர்ரே ஆற்றில் பழைய நீராவிக் கப்பல் ஒன்றில் சவாரி. விறகு எரிக்கும் பாய்லர், இரண்டு பக்கமும் தண்ணீரை அறையும் சக்கரங்கள். பிள்ளைகள் இறங்கவே மாட்டேன் என்றார்கள். ஆளே இல்லாத காட்டாற்றை இந்தக் கப்பல்கள்தான் ஊர்களாக்கின என்றும், ரயில் வந்ததும் எல்லாம் முடிந்துபோனது என்றும் உடன் வந்த வழிகாட்டி சொன்னார். கப்பலையே பார்த்திராத ஒரு மாவு மில்காரர் முதல் கப்பலைக் கட்டிப் பந்தயத்தில் ஜெயித்தார் என்று ஒரு கதையும் கேட்டேன். இதில் எவ்வளவு உண்மை? ரயில் ஆற்றை வென்றது தவிர்க்க முடியாததுதானா?

ஆர்., மெல்பர்ன்

அன்புள்ள ஆர்.,

மில்காரர் கதையிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுவாரசியம். அவர் பெயர் வில்லியம் ராண்டல். அடிலெய்டுக்குக் கிழக்கே மலைப்பகுதியில் கம்மராக்கா என்ற ஊரில் அப்பாவுக்கு மாவு மில். சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு மர்ரே கரையில் 55 அடி நீளத்தில் ஒரு படகைக் கட்டி, 1853-இல் தண்ணீரில் இறக்கினார். எட்டே குதிரைத்திறன். அம்மாவின் பெயரை வைத்து 'மேரி ஆன்'. சக்கரக் கப்பல் எதையும் அவர் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தப் பாய்லரைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

பாய்லர் என்றால் உருளையாக இருக்க வேண்டும். ஆவியின் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் சுற்றிலும் பரவும். இவருடையது பெட்டி மாதிரி, தட்டையான பக்கங்களோடு, கொல்லுப் பட்டறையில் அடித்தது. ஆவி ஏறியதும் தகடுகள் பூரி போல உப்பத் தொடங்கின. வண்டிச் சங்கிலிகளை எடுத்துச் சுற்றிக் கட்டினார்கள். சங்கிலிக்கும் தகட்டுக்கும் நடுவே ஆப்புகளை அடித்து இறுக்கினார்கள். அப்புறம் அப்படியே ஓட்டினார்கள்! இன்றைக்கு எந்த அதிகாரியும் அதன் பக்கத்தில் நிற்கக்கூட விடமாட்டார். 1872-இல், மர்ரேயில் வந்து சேரும் டார்லிங் ஆற்றில் 'பிராவிடன்ஸ்' என்ற கப்பல் பாய்லர் வெடித்துச் சிதறியது, ஆட்கள் செத்தார்கள். ராண்டலுக்கு அது நேராதது அதிர்ஷ்டம்தான். மேரி ஆனின் பாய்லர் மேனம் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பந்தய விஷயத்துக்கு வருகிறேன். தெற்கு ஆஸ்திரேலிய அரசு 1850-இல் ஒரு பரிசு அறிவித்திருந்தது. முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள கூல்வாவிலிருந்து டார்லிங் வந்து சேரும் இடம் வரை நீராவிக் கப்பல் ஓட்டிக் காட்டினால், முதல் இரண்டு கப்பலுக்குத் தலா 2,000 பவுண்டு. குறைந்தது 40 குதிரைத்திறன் வேண்டும், அடிப்பாகம் தண்ணீருக்குள் இரண்டடிக்கு மேல் அமிழக்கூடாது. எட்டுக் குதிரை மேரி ஆன் இந்தக் கணக்கிலேயே வராது. பரிசைக் குறிவைத்து வந்தவர் பிரான்சிஸ் கேடெல் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர். அவருடைய 'லேடி அகஸ்டா' ஆளுநர் ஹென்றி யங்கையே ஏற்றிக்கொண்டு 1853 ஆகஸ்ட் 25 அன்று கூல்வாவிலிருந்து கிளம்பியது. அகஸ்டா என்பது ஆளுநரின் மனைவி பெயர், சொல்ல வேண்டுமா! ராண்டல் ஏற்கெனவே ஒருமுறை கிளம்பி, தண்ணீர் வற்றியதால் திரும்பி வந்து, மறுபடி போய்க்கொண்டிருந்தார். மர்ரே கரையிலுள்ள ஸ்வான் ஹில் என்ற ஊரை நெருங்கும்போதுதான் பின்னாலிருந்து லேடி அகஸ்டா எட்டிப் பிடித்தது. கொஞ்ச தூரம் முன்னும் பின்னுமாக ஓடி, செப்டம்பர் 17 அன்று சில மணி நேர வித்தியாசத்தில் இரண்டும் ஸ்வான் ஹில் சேர்ந்தன. முதலில் போனது கேடெல்தான். ஆனால் மேரி ஆன் அதற்கு மேலும் போய், இன்றைய எச்சூகாவுக்கு எதிர்க்கரை வரை எட்டியது. யார் ஜெயித்தார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். (கேடெலின் முடிவு நல்லபடியாக இல்லை. பின்னாளில் முத்துக் குளிப்பில் இறங்கி, 1879-இல் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் கடலில் தன் மாலுமிகள் கையாலேயே செத்தார்.)

சரி, ரயில். வழிகாட்டி சொன்னதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். உங்களை ஏற்றிய எச்சூகா துறைமுகத்தை ஆக்கியதே ரயில்தானே? அதற்கு முன் அது ஹென்றி ஹாப்வுட் என்ற முன்னாள் கைதி மிதவைப் படகு வைத்து ஆட்களையும் மாடுகளையும் கரை தாண்டவிட்ட துறை. 1864-இல் மெல்பர்ன் ரயில் ஆற்றங்கரைக்கு வந்தது, மறுவருடமே துறைமேடை எழுந்தது. டார்லிங் கரை ஆட்டுப் பண்ணைகளின் கம்பளி கப்பலிலும், பின்னால் கட்டி இழுத்த தட்டைப் படகுகளிலும் வந்து இங்கே ரயிலேறியது. மர்ரேயின் முகத்துவாரம் மணல்திட்டும் அலையுமாகக் கப்பலைக் கவிழ்க்கும் இடம், கடல் வழியே சரக்கை வெளியே கொண்டுபோவது தலைவலி. அதனால்தான் 1854-லேயே கூல்வாவிலிருந்து போர்ட் எலியட்டுக்குத் தண்டவாளம் போட்டுக் குதிரைகளை வைத்து வண்டி இழுத்தார்கள். ஆக இந்த ஆற்றுக் கப்பல்கள் ஆரம்பத்திலிருந்தே தண்டவாளத்தை நம்பிப் பிழைத்தவை.

அப்போது தனித்தனி அரசுகளாக இருந்த மூன்று காலனிகளின் போட்டிதான் அவற்றின் பிழைப்பில் மண் போட்டது. ஒவ்வொன்றும் உள்நாட்டுக் கம்பளியைத் தன் துறைமுகத்துக்கே இழுக்கப் பார்த்தது. விக்டோரியாவின் ரயில் எச்சூகாவில் என்றால், தெற்கு ஆஸ்திரேலியா 1878-இல் மர்ரே கரையிலுள்ள மோர்கன் வரை போட்டது. நியூ சவுத் வேல்ஸ் 1882-இல் ஹே என்ற ஊர் வரையும், 1885-இல் டார்லிங் கரையில் பர்க் வரை போட்டது. எல்லை தாண்டும் சரக்குக்கு சுங்கம் வேறு. ஆறு ஒன்றுதான், ஆனால் கரைக்குக் கரை சுங்கச்சாவடி. 1901-இல் நாடு ஒன்றான பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது, அதற்குள் கம்பளி வேறு வழி பழகிவிட்டது.

இதையெல்லாம் தாண்டி, ஆறு சொன்னபடி கேட்கவில்லை. எச்சூகா துறைமேடை அடுக்கடுக்காக உயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அல்ல, வெள்ளத்திலும் வறட்சியிலும் நீர்மட்டம் அத்தனை மாறும் என்பதற்காக. 'ஜேன் எலைசா' என்ற கப்பல் 1880-களில் பர்க் நகரத்துக்குச் சரக்கோடு கிளம்பி, தண்ணீர் வற்றி வழியில் மாட்டி, மூன்று வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்ததாகவும், திரும்பும்போது வெள்ளம் இருந்ததால் மூன்றே வாரத்தில் வந்துவிட்டதாகவும் சொல்வார்கள். தண்ணீர் இருந்தாலும் உள்ளே மூழ்கிக் கிடக்கும் செம்மரங்கள் (நம்மூர்ச் செம்மரம் அல்ல, 'ரெட் கம்' என்ற யூகலிப்டஸ்) கப்பலின் வயிற்றைக் கிழிக்கும். அதனால் கப்பல் தலைவர்கள் ஆற்றை வளைவு வளைவாக நீண்ட துணிச் சுருளில் தாங்களே வரைந்து, இரண்டு உருளைகளில் சுற்றி, போகப் போக உருட்டிப் பார்த்து ஓட்டினார்கள். எங்கே மரம், எங்கே திட்டு, எந்தக் கரையில் விறகு அடுக்கியிருக்கிறது, எல்லாம் அதில்தான்.

தவிர்த்திருக்க முடியுமா என்றால், கொஞ்ச காலத்துக்கு முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நீர்மட்டத்தைக் காக்க அணைகளும், கப்பலை ஏற்றி இறக்கும் லாக்குகளும் வேண்டியிருந்தன. அதற்கு மூன்று அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும். பேசி முடிக்க 1915 ஆகிவிட்டது. முதல் லாக் பிளான்ச்டவுனில் 1922-இல் திறந்தது. அதற்கு வில்லியம் ராண்டல் பெயரையே வைத்தார்கள். ஏற்றிப்போகச் சரக்குதான் இல்லை.

ஒன்றை மட்டும் மறுத்தாக வேண்டும். 'ஆளே இல்லாத காட்டாறு' என்பது சரியில்லை. கூல்வா பக்கம் ஙரின்ஜெரி மக்கள், டார்லிங்கில் பார்கின்ஜி, எச்சூகா பக்கம் யோர்ட்டா யோர்ட்டா என்று ஆறு நெடுகப் பழங்குடி மக்கள் இருந்தார்கள். மேரி ஆன் ஓடுவதற்கு 12 வருடம் முன்பு, 1841-இல், மர்ரேயில் சேரும் ரூபஸ் ஆற்றங்கரையில் மாடு ஆடு ஓட்டி வந்தவர்களும் போலீசும் சேர்ந்து குறைந்தது 30 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கப்பல் போகக் காலியான ஆறு அப்படித்தான் கிடைத்தது. அந்த மக்களுக்கும் ஆற்றில் போக்குவரத்து இருந்தது. நின்ற மரத்திலிருந்து பட்டையை ஒரே துண்டாக உரித்துத் தோணி செய்வார்கள், மரம் சாகாது. அதே செம்மரங்களைத்தான் பின்னால் கப்பல்கள் வெட்டி வெட்டி எரித்தன. தோணி உரித்த தழும்போடு நிற்கும் மரங்கள் எச்சூகாவிலிருந்து காரில் சிறிது தூரத்திலுள்ள பார்மா காட்டில் இருக்கின்றன. அடுத்த முறை பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போங்கள்.