முருங்கைக்கீரை போட்டும் முயல் சினை பிடிக்கலையா?

முருங்கைக்கீரையும் சவுண்டல் தழையும் போட்டும் முயல் சினை பிடிக்கலைன்னு எழுதியிருக்கீங்க அண்ணாச்சி. முதல்ல அந்தச் சவுண்டல் (சூபாபுல்) தழையை நிறுத்துங்க. முருங்கைக்கீரை இருக்கட்டும், ஆனா அதைக் கூட்டிப் போட்டா சினை பிடிச்சிரும்னு நம்பாதீங்க. சவுண்டல்ல மைமோசின்னு ஒரு நச்சு இருக்கு. ஆடு மாடு ஓரளவு தாங்கும், முயல் தாங்காது. முடி கொட்டும், சினைப்பிடிப்பு குறையும். முதுகைக் கோதிப் பாருங்க, கொத்தா முடி வந்தா அது காரணமா இருக்கலாம்.

மே மாசம் அம்பாசமுத்திரத்துல தகரக் கூரைக்குக் கீழ சேர்த்தேன்னு எழுதியிருக்கீங்க. 30 டிகிரிக்கு மேல போனாலே ஆண் முயலுக்கு விந்து கெடும். ஏறி இறங்கும், சினை நிக்காது. தேற ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகும். கூரை மேல கிடுகு போட்டுத் தண்ணி தெளிச்சு விடுங்க, பாவம் அந்த ஜீவன்.

அடுத்த தடவை பெட்டையோட வாலைத் தூக்கிப் பாருங்க. அறை (பிறப்புறுப்பு) செவந்து ஈரமா இருந்தா விடியக்காலம் ஆண் கூண்டுக்குக் கொண்டுபோங்க. வெளுத்திருந்தா வேண்டாம். சேர்த்த 14-ஆம் நாள் அடிவயித்தை மெல்லத் தடவினா, சினை நின்னிருந்தா கரு கோலிக்குண்டு மாதிரி உருளும்.

குடல்பூச்சிக்குன்னு பப்பாளி விதை மட்டும் போட்டுராதீங்க, அது ஆண் முயலோட விந்தையே குறைக்கும். அறையில சீழ் தெரிஞ்சா கீரை வைத்தியம் பார்க்காம திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோயிருங்க.